லாஸ் வேகாஸ் வரை போய் ஃபூட்டி பார்க்கணுமா?

24 ஆகஸ்ட் 2025, காலை
பெல்மோர் தம்பியின் கேள்வி: "அடுத்த பிப்ரவரி 28-ஆம் தேதி நம் சிட்னி ரக்பி லீக் அணிகளான புல்டாக்ஸும் டிராகன்ஸும் லாஸ் வேகாஸில் ஆடுகிறார்கள். வீட்டில் எல்லாரும் போகலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அந்த அணிகளின் சொந்தப் பகுதிகளான பெல்மோரும் கோகராவும் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள். அதே இரண்டு அணிகளைப் பார்க்க பசிபிக் கடலைத் தாண்டுவது காசைக் கரியாக்குவது இல்லையா? சூதாட்டக்காரர்களை வளைக்க நடத்துகிற திருவிழா இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்."

24 ஆகஸ்ட் 2025, இரவு
போய் வந்தவன் சொல்கிறேன். நான் பென்ரித் அணியின் ஆள். இந்த மார்ச் 1-ஆம் தேதி வேகாஸின் அலீஜியன்ட் ஸ்டேடியத்தில் இருந்தேன். போங்கள் தம்பி. ஆனால் ஆட்டத்துக்காக மட்டும் போகாதீர்கள்.

அரை மணி தூரம் என்றீர்களே, விகனுக்கும் வாரிங்டனுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர்தான். இங்கிலாந்தின் வடக்கே அக்கம்பக்கத்து ஊர்கள். அவர்களும் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து அதே நாளில் அதே மைதானத்தில் மோதினார்கள். விகன் 48-24 என்று ஜெயித்தது. அந்தக் கூட்டம் பாடிக்கொண்டே வந்ததைப் பார்த்த பிறகு "பக்கத்து ஊர்க்காரனை ஏன் இவ்வளவு தூரத்தில் பார்க்கணும்" என்ற கேள்வியே எனக்கு வரவில்லை.

சிட்னியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் நம் ஜெர்சி, எதிரணி ஜெர்சி, அவ்வளவுதான் கண்ணில் படும். வேகாஸில் அந்த வார இறுதி முழுக்க எல்லா கிளப்பும் தெருவில் நின்றது. அந்த ஆண்டு ஆடவே போகாத அணிகளின் ஜெர்சிகள்கூட. வெஸ்ட்ஸ் டைகர்ஸ் உடுப்போடு ஒரு குடும்பம், பாரமட்டா ஈல்ஸ் தொப்பியோடு ஒரு தாத்தா. ஆட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை ஃப்ரீமான்ட் தெருவில் வீரர்களை மேடையேற்றுவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். பங்காளிச் சண்டையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரே கல்யாணத்துக்கு வந்த மாதிரி எல்லாரும் எல்லாரோடும் பேசினார்கள். நான் ஊரில் பேசியே இராத கிளப்காரர்களோடு மணிக்கணக்கில் பேசினேன்.

25 ஆகஸ்ட் 2025
டூங்காபி அக்கா கேட்கிறார்: "அதுக்குத்தான் பிரிஸ்பேனில் மேஜிக் ரவுண்ட் இருக்கே? எல்லா அணியும் ஒரே வார இறுதியில் சன்கார்ப் மைதானத்தில் ஆடுதே?"

உண்மைதான் அக்கா. 2019-இலிருந்து நடக்கிறது, நானும் போயிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கும். காசு கணக்குப் பார்த்தால் மேஜிக் ரவுண்ட்தான் சரி, அதில் வாதமே இல்லை. ஆனால் அங்கே இங்கிலாந்துக்காரர்கள் இல்லையே. அதோடு பிரிஸ்பேனில் ஒவ்வொருவரும் தன் கூட்டத்தோடு வந்து, தன் கூட்டத்தோடு குடித்து, தன் கூட்டத்தோடு திரும்புவார்கள். வேகாஸில் யாருக்கும் ஊர் தெரியாது. பாலம் எங்கே, டிராம் எங்கே என்று கேட்க வேறு ஆள் இல்லாததால் ஜெர்சியைப் பார்த்துத்தான் கேட்போம். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

2024 பிப்ரவரியில் விகன் எங்களை 16-12 என்று தோற்கடித்து உலக கிளப் கோப்பையைத் தூக்கியது நினைவிருக்கும். கடைசி நிமிடங்களில் எங்களுக்கு மறுக்கப்பட்ட ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) இன்றும் தொண்டையில் நிற்கிறது. வேகாஸில் மைதானத்துக்குப் போகும் பாலத்தில் என்னோடு நடந்த விகன் பெரியவர் என் கறுப்பு ஜெர்சியைப் பார்த்ததும் எடுத்தது அந்தப் பேச்சைத்தான். பந்து தரையில் பட்டதா இல்லையா என்று மைதான வாசல் வரை விவாதம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் கட்டிப்பிடித்துவிட்டுப் பிரிந்தோம்.

25 ஆகஸ்ட் 2025, சற்றுப் பிறகு
ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றம் வேண்டாம்.

அது அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டிய இடம். ரெய்டர்ஸ் என்ற அமெரிக்க அணியின் வீடு, 2020-இல் திறந்தது, 65,000 பேர் கொள்ளும். புல்தரையை ஒரு பெரிய தட்டில் வளர்த்து, வெளியே வெயிலில் வைத்திருந்து, ஆட்ட நாளுக்கு அப்படியே உள்ளே உருட்டிக் கொண்டுவருகிறார்கள். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் அகலம் 49 மீட்டருக்கும் கீழே. நம்முடையது 68 மீட்டர். அதனால் அங்கே பக்கவாட்டில் முழு அகலம் கிடைப்பதில்லை, கோடுகளை உள்ளே தள்ளித்தான் போடுகிறார்கள். ஓரத்தில் ஓடும் விங்கர்களுக்கு இடம் குறைகிறது. ஊரில் ட்ரை ஆகியிருக்கும் ஓட்டம் அங்கே கோட்டுக்கு வெளியே போய் நிற்கும். கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நல்ல பக்கம்: ஒரே டிக்கெட்டில் அன்று நான்கு ஆட்டங்கள். விகன்–வாரிங்டன், கேன்பரா–நியூசிலாந்து வாரியர்ஸ் (30-8), ஆஸ்திரேலிய மகளிர்–இங்கிலாந்து மகளிர் (90-4), கடைசியில் எங்களுடையது, குரோனுல்லாவை 28-22 என்று வென்றோம். கேன்பரா ரசிகர்கள் கைகளை அகல விரித்து அந்த வைக்கிங் கைதட்டலைத் தொடங்கியதும் சுற்றியிருந்த அமெரிக்கர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், இரண்டாம் முறை அவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

மகளிர் ஆட்டம் பற்றி மனதில் ஒரு குறை. 90-4 என்பது யாருக்கும் நல்லதல்ல. அமெரிக்கர் ஒருவர் முதன்முதலாகப் பார்க்கும் மகளிர் ரக்பி லீக் அப்படி ஒருதலையாக இருந்திருக்க வேண்டாம். இங்கிலாந்துப் பெண்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவர்கள். எதிரே முழு லீக் கட்டமைப்பு பின்னால் நிற்கும் அணி. வலிமையில் நெருங்கிய இரண்டு அணிகளை மோதவிட்டிருக்கலாம்.

29 ஆகஸ்ட் 2025
இன்றைய தேதி தற்செயலாக வாய்த்தது. 1895 ஆகஸ்ட் 29, ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டல். வட இங்கிலாந்துக் கிளப்கள் பழைய ரக்பி சங்கத்தை விட்டு வெளியேறிய நாள், இன்றோடு 130 ஆண்டு. காரணம் கூலி. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய சம்பளம் போகும், அதை ஈடுகட்டுங்கள் என்றார்கள். சங்கம் முடியாது என்றது. ரக்பி லீக் அந்தச் சண்டையில் பிறந்தது. சிட்னியில் 1908-இல் போட்டி தொடங்கியபோதும் கதை ஏறக்குறைய அதேதான். காயம்பட்டு வேலைக்குப் போக முடியாத ஆட்டக்காரர்களுக்கு ஈடு கிடைக்காத கோபம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தம்பி கேட்டதில் பாதி எனக்கும் உறுத்துகிறது. ஒரு நாள் கூலிக்காகப் பிறந்த விளையாட்டைப் பார்க்க விமானம், ஹோட்டல், டிக்கெட் என்று இவ்வளவு செலவு. இந்த ஆண்டு பென்ரித்துக்குச் சொந்த மைதானமே இல்லை, இடித்துக் கட்டுகிறார்கள் என்று பாரமட்டாவில் ஆடினோம். அதற்கும் முன்னால் முதல் ஆட்டம் வேகாஸில். எங்கள் தெருவில் முப்பது வருஷமாக சீசன் டிக்கெட் வைத்திருக்கும் ஒருவர் வரவில்லை. அவரால் முடியாது. நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது அவரை நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். நான் போனது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் "எல்லா கிளப்பும் தெருவில் நின்றது" என்று 24-ஆம் தேதி எழுதும்போது இருந்த உற்சாகத்தோடு இதையும் சேர்த்தே படியுங்கள். வர முடிந்தவர்கள் வந்திருந்தார்கள்.

2 செப்டம்பர் 2025
சூதாட்டம் பற்றி.

தம்பி சொன்னது வெறும் சந்தேகம் அல்ல. ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையத் தலைவர் பீட்டர் விலாண்டிஸ் அமெரிக்கப் பந்தயச் சந்தையை ஒரு நோக்கமாக வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் மாநிலத்துக்கு மாநிலம் கதவு திறந்தது. 2024-இல் தொடங்கி ஐந்து ஆண்டு வேகாஸில் ஆடுவது என்ற திட்டத்துக்குப் பின்னால் தொலைக்காட்சிச் சந்தாவும் இருக்கிறது, பந்தயமும் இருக்கிறது.

எனக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் மேற்குப் புறநகரில் போக்கர் மெஷின்கள் என்ற சூதாட்ட இயந்திரங்கள் என்ன செய்கின்றன என்று தெரிந்த யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: ஊரில் டிவியில் ஆட்டம் பார்த்தாலே பந்தய விளம்பரம் வந்து விழுகிறது. வேகாஸ் போகாமல் இருந்தால் அதிலிருந்து தப்பிவிடலாம் என்று இல்லை. என் பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் அதே பேச்சைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: சூதாட்டத் தளத்தில் 21 வயதுக்குக் கீழே நிற்கக் கூடாது, நடந்து கடக்கலாம். பெரிய ஹோட்டல்களில் அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் போகிற வழியே அதற்கு நடுவேதான். பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தால் காவலர் வந்து நகரச் சொல்வார். கேசினோ இல்லாத ஹோட்டலும் உண்டு, தேடிப் பிடியுங்கள். சிகரெட் புகையும் மிச்சம்.

2 செப்டம்பர் 2025, இரவு
ஒருவர் தனியாகக் கேட்டார், நம்மைப் போன்ற நிறத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் தயங்காமல் இருக்கலாமா என்று. இருக்கலாம். என் அனுபவத்தில் ஒரு சொல்கூடத் தவறாக வரவில்லை. கூட்டத்தில் பசிபிக் தீவுக்காரர்களும் மாவோரிகளும் நிறைய, நாம் தனியாகத் தெரிவதும் இல்லை.

ஆனால் 2024-இல் அதே மைதானத்துக்குள்ளேயே, பிரிஸ்பேன் வீரர் எஸ்ரா மாம் என்பவரை எதிரணி வீரர் ஒருவர் இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார். எட்டு ஆட்டத் தடை விழுந்தது. வேகாஸுக்கு நம் ஆட்டத்தை அறிமுகம் செய்த முதல் நாள் அது. மாம் அன்றே வாய் திறந்து புகார் செய்தார் என்பதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

6 செப்டம்பர் 2025
"அமெரிக்காவில் லீக் இதுதான் முதல் தடவை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

1953-இல் மைக் டிமிட்ரோ என்பவர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களைத் திரட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வந்தார். அந்தப் பையன்கள் இந்த ஆட்டத்தை அதுவரை ஆடியதே இல்லை. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கலிபோர்னியாவில் ஆடின. 1987-இல் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் லாங் பீச்சில் மோதின. 30-18 என்று நம் நியூ சவுத் வேல்ஸ் ஜெயித்தது, கூட்டம் 12,349. 1989 ஜூனில் மில்வாக்கியில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் ஆடிய இரண்டு கிளப்கள் எவை என்று நினைக்கிறீர்கள்? விகனும் வாரிங்டனும்! 12-5 என்று விகன் ஜெயித்தது. 36 ஆண்டு கழித்து அதே இருவர் வேகாஸில். பாலத்து விகன் பெரியவர்தான் எனக்கு இதை முதலில் சொன்னார், வந்த பிறகு தேடிப் பார்த்தேன், சரிதான்.

2008-இல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் லீட்ஸ் 26-24 என்று சவுத் சிட்னியை வென்றது. 2018 ஜூனில் டென்வரில் இங்கிலாந்து நியூசிலாந்தை 36-18 என்று வென்றது. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம், அதுவும் சீசன் நடுவில், கிளப்கள் கத்தோ கத்தென்று கத்தின. அதற்கு முன்பே, 2016-இல், 2025 உலகக் கோப்பையை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அது கைவிடப்பட்டது, பிறகு பிரான்ஸ் எடுத்து அதுவும் கைவிட்டது. கடைசியில் 2026 அக்டோபரில், பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் என்று ஆனது.

எல்லாமே ஒருமுறை வந்து போனவை. வேகாஸ்தான் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. 2024-இல் 40,746 பேர், இந்த ஆண்டு 45,209. ஏறினது நல்லதுதான், ஆனால் அதில் எத்தனை பேர் அமெரிக்கர்கள் என்பதுதான் கேள்வி.

7 செப்டம்பர் 2025
நேற்றைய கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு பெல்மோர் தம்பி: "அப்போ நாமே போய் நாமே பார்க்கிறோம், அமெரிக்கர் எங்கே?"

என் பக்கத்து இருக்கையில் ஒரு அமெரிக்கத் தம்பதி. ஆட்டம் என்னவென்றே தெரியாமல் வந்தவர்கள். முதல் கேள்வி, ஹெல்மெட் எங்கே. இரண்டாவது, ஏன் நிறுத்தாமல் ஆடுகிறார்கள். அவர்கள் ஆட்டத்தில் பத்து கஜம் போக நான்கு வாய்ப்பு, நம்மில் ஆறு டாக்கிள் (பந்து வைத்திருப்பவனை எதிரணி பிடித்து நிறுத்துவது), ஆறாவது முடிந்தால் பந்து எதிராளிக்கு என்று சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பந்தை முன்னால் எறியக் கூடாது, ஓடுபவனுக்கு முன்னால் போய் எதிரியை மறிக்கக் கூடாது என்றபோதுதான் திகைத்தார்கள். "அப்ப அவனுக்கு யாரு வழி விடுவாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. யாரும் விடமாட்டார்கள், அவனே இடித்துக்கொண்டு போகணும் என்றேன். கடைசி ஆட்டத்தில் அவர் ஐந்தாவது டாக்கிள் வந்தாலே எழுந்து "உதை!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

பெரும்பான்மை நம்மவர்கள்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அன்று ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் சொல்லிக் கொடுத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஊரில் அந்த வாய்ப்பே இல்லை, நான்கு வயதுக் குழந்தைக்கே எல்லாம் தெரியும்.

22 செப்டம்பர் 2025
வார இறுதி பற்றிப் பேசலாமா தம்பி? வேண்டாமா? புல்டாக்ஸைப் போட்டியிலிருந்து அனுப்பி வைத்தது பென்ரித் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். வேகாஸிலிருந்து திரும்பியதும் அடுத்தடுத்துத் தோற்று அடிமட்டத்தில் கிடந்தவர்கள் நாங்கள். பயணக் களைப்புதான் காரணம் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். களைப்பு ஒரு காரணம் என்றுதான் நானும் நினைக்கிறேன். எங்கள் வீரர் ஜரோம் லுவாய் வேறு அணிக்குப் போனது அதைவிடப் பெரிய காரணம்.

30 செப்டம்பர் 2025
ஞாயிறன்று பிரிஸ்பேனிடம் 14-16 என்று தோற்றோம். இரண்டே புள்ளி. நான்கு ஆண்டு தொடர்ந்து கோப்பை வென்ற எங்கள் ஓட்டம் முடிந்தது. இதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

பயண விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டா, அதாவது விசா இல்லாமல் அமெரிக்கா போக இணையத்தில் வாங்கும் அனுமதி, அதன் கட்டணம் 2025 செப்டம்பர் 30-இல் 21 டாலரிலிருந்து 40 டாலராக ஏறியது, தலைக்கு. அமெரிக்க அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள், இடைத்தரகுத் தளங்கள் கூடுதலாகப் பிடுங்கும்.

எஸ்டா குடியுரிமைக்குத்தான், குடியிருப்புக்கு அல்ல. ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் இருந்தால் எஸ்டா போதும், 90 நாள். இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இங்கே நிரந்தரவாசியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு முழு விசா வேண்டும், 2025-இல் 185 டாலர், நேர்காணலும் உண்டு. வென்ட்வொர்த்வில்லிலும் பென்டில் ஹில்லிலும் பாதி வீடுகளில் இந்தக் கலவைதான். எங்கள் வீட்டில் அத்தை கடைசி வரை நேர்காணல் தேதிக்குக் காத்திருந்து, அது கிடைக்காமல் வரவில்லை. பிப்ரவரிக்கு இப்போதே நாள் குறைவு. முதலில் விசா, பிறகு டிக்கெட்.

1 அக்டோபர் 2025
டூங்காபி அக்காவுக்காகச் சில்லறை விஷயங்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் இறங்கினால் குடியேற்றச் சோதனை அங்கேயே, பெரும்பாலும் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரம் போதாது. நாங்கள் காரில் போனோம், பாலைவனத்தின் குறுக்கே சுமார் 430 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை மதியம் அந்தச் சாலையில் ஏறாதீர்கள், கலிபோர்னியாவே வேகாஸுக்குக் கிளம்பும்.

ஹோட்டல் விலையை நம்பாதீர்கள். நாங்கள் போனபோது ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு "ரிசார்ட்" கட்டணம் சேர்ந்தது. எங்கள் பேக்கேஜை விற்ற நிறுவனம் மைதானத்துக்குப் பக்கம் என்று சொல்லிக் கொடுத்த ஹோட்டல் பக்கத்தில் இல்லை. வரைபடத்தில் மாண்டலே பே எங்கே என்று பாருங்கள், அங்கிருந்து ஹசியெண்டா பாலம் வழியாக நெடுஞ்சாலையைத் தாண்டினால் மைதானம், இருபது நிமிட நடை. ஆட்ட நாளில் பாலத்தில் வண்டிகள் கிடையாது. லக்சர், எக்ஸ்காலிபரிலிருந்து மாண்டலே பேக்கு இலவச டிராம் உண்டு. மோனோரயில் மைதானப் பக்கம் வராது.

உள்ளே ரொக்கம் செல்லாது, அட்டைதான். பை என்றால் ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும். கூரை மூடியிருக்கும், உள்ளே குளிராது. வெளியே வந்தால் பாலைவனத்து ராத்திரி, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுங்கள். ஞாயிறு இரவு லாஸ் ஏஞ்சலஸில் ஏறினால் சிட்னி வருவது செவ்வாய் காலை, திங்கள் வானத்திலேயே போய்விடும். லீவு எழுதும்போது கவனம்.

12 அக்டோபர் 2025
லீட்ஸிலிருந்து எழுதும் நண்பருக்கு: நேற்று இங்கிலாந்து லீக் இறுதி ஆட்டத்தில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் விகனை 24-6 என்று வீழ்த்தியதைப் பார்த்தேன். சேலஞ்ச் கோப்பை, லீக் முதலிடம், இப்போது இறுதி ஆட்டமும், மூன்றும் ஒரே ஆண்டில். வேகாஸில் உங்கள் லீட்ஸ் மோதப் போவது இவர்களோடுதான், எனவே அந்த ஆட்டத்துக்கு இருக்கையில் இருக்கணும். போன முறை நம்மவர்கள் பலர் வெளியே குடித்துக்கொண்டிருந்து விகன் ஆட்டத்தைத் தவறவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த நாளின் சிறந்த கூட்டம் அந்த ஆட்டத்துக்குத்தான் இருந்தது.

19 அக்டோபர் 2025
பெல்மோர் தம்பி எழுதியிருக்கிறார்: அவரும் மகளும் மட்டும் போகிறார்கள், மனைவி பெற்றோரோடு இங்கேயே இருந்து ஞாயிறு டிவியில் பார்ப்பார். மிச்சமாகும் பணத்தில் எல்லாரும் சேர்ந்து அடுத்த ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பைக்குப் போவதாகத் திட்டம். ஆகஸ்ட் 29-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்துவிட்டு முடிவு செய்தாராம். இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை.

உட்காரும் இடம் கேட்டீர்கள். கீழ் அடுக்கில் மூலை வேண்டாம், எதிர் ஓரம் சரியாகத் தெரியாது. நடு அடுக்கில் ஏதாவதொரு முனைக்கு மேலே எடுங்கள். தடுப்பாட்டக்காரர்களின் வரிசை நகர்வதை முழுதாகப் பார்க்கலாம், விலையும் குறைவு. மகளுக்கு நான்கு ஆட்டமோ மூன்றோ, ஒரே மூச்சில் நீளம் அதிகம். நடுவில் ஒன்றில் தூங்கினால் தூங்கட்டும், புல்டாக்ஸ் ஆட்டத்துக்கு எழுப்பிவிடுங்கள்.